ஹெட்லைட்டுக்குள் ஒளிந்திருக்கும் தகடு

“இப்போதெல்லாம் இரவில் வண்டி எடுக்கவே பயமாக இருக்கிறது. எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணில் அடிக்கின்றன. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை விளக்குகள்தான் மோசமாகிவிட்டனவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுமே காரணமாக இருக்கலாம். கண்ணின் கதை சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம்.

கண்ணின் முன்படலமும் லென்ஸும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிந்தவை அல்ல. உள்ளே நுழைகிற ஒளியில் ஒரு சிறு பங்கு வழியிலேயே சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெளுப்பாகப் படிகிறது. தூசி படிந்த கண்ணாடியில் வெயில் படும்போது பார்த்திருப்பீர்களே, அதேதான். சாலையோரம் கறுப்புச் சட்டையில் நடந்துபோகிறவர் அந்த வெளுப்பில் கரைந்து காணாமல் போகிறார். 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். கண்ணில் விழும் ஒளி கூடினால் வெளுப்பும் அதே அளவில் கூடும். பார்வைத் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணம் இரு மடங்கானால் வெளுப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். எதிர் வண்டி கடக்கும்போது உங்கள் பக்கச் சாலையோரக் கோட்டைப் பாருங்கள் என்று சொல்லித் தருகிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இதில் ஒரு விஷமம் உண்டு. எதிர் வண்டி நெருங்க நெருங்க, கண்ணில் விழும் ஒளி தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் கூடுகிறது (தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு). ஆனால் விளக்கு பக்கவாட்டில் விலகுவதால் கோணமும் கூடி, அதே இருமடியில் வெளுப்பைக் குறைக்கிறது. ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது! ஆக, விளக்கின் வீச்சு மாறாமல் இருந்தால், தூரத்தில் இருக்கும்போது எவ்வளவு கூசியதோ கிட்டத்தட்ட அவ்வளவே கடைசிவரை கூசும். ‘ஓயவே மாட்டேன் என்கிறதே’ என்று தோன்றுவது பிரமை இல்லை.

வயதுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. 70 வயதில் இந்தச் சிதறல் இளம் வயதில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். வாசகர் தன் வயதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, விளக்குக்கு வருவோம். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி அசிட்டிலீன் வாயுவை எரித்த காலத்திலிருந்து 1962-இல் வந்த ஹாலஜன், 1991-இல் வந்த செனான், 2007-08 வாக்கில் காருக்கு முன்னால் வந்து உட்கார்ந்த எல்இடி வரை, வரலாற்றை எல்லாரும் ‘பிரகாசம் கூடிய கதை’ என்றே எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. பிரகாசத்தைக் கூட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கூட்டிய ஒளி எங்கே விழக்கூடாது என்று முடிவு செய்வதுதான் வித்தை.

லோ பீமை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள சாலை நன்றாகத் தெரியவேண்டும், ஆனால் எதிரே வருபவரின் கண் உயரத்தில் இருட்டு இருக்கவேண்டும். வெளிச்சத்தைக் கத்தியால் நறுக்கியதுபோல ஒரு கோடு வேண்டும். ஒளியை எப்படி நறுக்குவது?

ஒரு நாள் ஃபியூஸ் போன எச்4 பல்பு ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1971-இல் வந்த வகை, இன்றும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இரண்டு ஃபிலமென்ட்கள். அவற்றில் ஒன்றின் அடியில் மட்டும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, படகுபோல் குழிந்த ஓர் உலோகத் தகடு. பல ஆண்டுகளாக அதைப் பார்த்தும் ‘ஏதோ தாங்குகிற பாகம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்லைட்டின் மொத்த நாகரிகமும் அந்தப் படகில்தான் இருக்கிறது.

பின்னால் இருக்கும் குழியாடியின் குவியத்தில் உள்ள ஃபிலமென்ட் ஹை பீமுக்கானது. அதன் ஒளி ஆடியில் பட்டு நேராகக் கிளம்பும், இது பள்ளிப் பாடம். லோ பீம் ஃபிலமென்ட் குவியத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. அதனால் ஆடியின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்து வெளியேறுகிறது. நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் ஆடியின் கீழ்ப்பாதியில் படும் ஒளி மேல்நோக்கிப் போய் எதிராளியின் கண்ணைத் தேடும். அந்த ஒளி ஆடியை அடையவே விடாமல் அடியில் மறித்து நிற்பதுதான் இந்தப் படகு. பாதி ஆடியைக் குருடாக்கி, பாதி ஒளியைத் தியாகம் செய்து, அடுத்தவர் கண்ணைக் காப்பாற்றுகிறது.

இன்னும் உற்றுப் பார்த்தால் படகின் ஒரு பக்க விளிம்பு மட்டும் 15 பாகை சாய்ந்திருப்பது தெரியும். அது தயாரிப்புக் கோளாறு இல்லை. சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு எதிர் வண்டிகள் வரும் பக்கத்தில் தட்டையாக இருக்கும், நம் பக்கச் சாலையோரத்தில் ஏறுமுகமாகச் சாயும். எதிரே வருபவருக்கு இருட்டு, ஓரத்தில் நடப்பவர் மீதும் அறிவிப்புப் பலகை மீதும் கொஞ்சம் கூடுதல் ஒளி. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் இந்தச் சாய்வு கண்ணாடிப் பிம்பம்போல இடம் மாறும்.

இப்போது இந்தப் பல்பைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் பொருந்தும் மலிவான எல்இடி பல்பு ஒன்றைச் செருகுகிறார்கள். ஃபிலமென்ட் இருக்கவேண்டிய இடம் மில்லிமீட்டரின் சிறு பின்னம் வரை துல்லியமாக வரையறுக்கப்பட்டது. அங்கே ஒரு பட்டையின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள் வந்து உட்கார்கின்றன. ஆடிக்கு அது என்ன வடிவம் என்றே புரியாது. கோடு கலைந்து, ஒளி மேலும் கீழும் சிந்துகிறது. ஓட்டுபவருக்கோ ஒரே சந்தோஷம், ஏனென்றால் வண்டிக்கு முன்னால் பத்தடி தரை பளீரென்று இருக்கிறது. கிட்டத்துத் தரை பளீரென்று ஆக ஆகத் தூரத்து இருட்டைப் பார்க்கும் திறன் குறையும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. வாசகரின் எரிச்சலில் கணிசமான பங்கு இந்தக் கூட்டத்துக்குச் சேரவேண்டியது என்பது என் ஊகம்.

நவீன புரொஜெக்டர் விளக்கில் தகடு இன்னும் பெரிய வேடம் கட்டுகிறது. ஆடி ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் ஒரு தகடு செங்குத்தாக நிற்கிறது. அதற்கு முன்னால் தடித்த லென்ஸ். பழைய சினிமா புரொஜெக்டரில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் இங்கே தகடு. தகட்டின் விளிம்பைத்தான் லென்ஸ் சாலையில் படமாக விழவைக்கிறது, அதுவும் தலைகீழாக. ஆகவே கீழ்ப்பாதியை மறைத்தால் சாலையில் மேல்பாதி இருட்டாகும். ஹை பீம் போட்டால் ஒரு மின்காந்தம் தகட்டைக் கீழே சாய்த்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மாற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்.

மேடுபள்ளத்தில் எதிர் வண்டி குலுங்கும்போது அதன் விளக்கு ஒரு கணம் நீலமாக மின்னுவதைக் கவனித்திருக்கிறீர்களா? எளிய லென்ஸ் நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். அதனால் வெளிச்சத்தின் விளிம்பில் மெல்லிய நீலக் கரை படிந்திருக்கும். வண்டி துள்ளும்போது அந்தக் கரை உங்கள் கண்ணைக் கடந்து போகிறது. நியூட்டனின் முப்பட்டகம் நெடுஞ்சாலையில்! யாரோ போலீஸ் வண்டி என்று நினைத்து நான் வேகத்தைக் குறைத்ததும் உண்டு.

இவ்வளவு கவனமாக நறுக்கிய கோடும் சரியான உயரத்தில் விழுந்தால்தான் பயன். பொதுவாக லோ பீமின் விளிம்பு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் விளிம்பு தரையைத் தொடுவது 65 மீட்டரில். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் ஆபத்தைக் கண்டு, ஒன்றரை நொடி சுதாரித்து, நன்றாகப் பிரேக் பிடித்து நிற்பதற்கு 95 மீட்டருக்கு மேல் ஆகும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரவில் லோ பீமை நம்பி அந்த வேகத்தில் போகிறவர் தான் பார்க்காத சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஹை பீம் வேண்டும், ஆனால் எதிராளிக்குக் கூசக்கூடாது. இந்த முரணுக்கு ஒரே தகட்டை வைத்துக்கொண்டு விடை காண முடியாது. எதிர் வண்டி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நிழல் விழவேண்டும், அந்த நிழல் அதோடு நகரவும் வேண்டும்.

2013-இல் ஆடி (Audi) நிறுவனத்தின் ஏ8 காரில் வந்த மேட்ரிக்ஸ் விளக்கில் ஒவ்வொரு பக்கமும் ஹை பீமுக்கு 25 எல்இடிகள். ஒவ்வொன்றும் சாலையின் ஒரு சிறு கீற்றைப் பார்த்துக்கொள்ளும். வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிர் வண்டியைக் கண்டதும் அந்தக் கீற்றுக்குரிய விளக்கு மட்டும் அணையும். கேட்கச் சுலபம். எதிர் வண்டி பக்கவாட்டில் மூன்றரை மீட்டர் தள்ளி வருகிறது என்று வையுங்கள். 100 மீட்டர் தூரத்தில் அது இருக்கும் கோணம் வெறும் 2 பாகை. 50 மீட்டரில் 4. 20 மீட்டரில் 10. இரண்டு வண்டிகளும் மணிக்கு 80-இல் வந்தால் 100 மீட்டர் 20 மீட்டராகச் சுருங்க இரண்டு நொடிகூட ஆகாது. முதலில் சோம்பேறித்தனமாக நகர்கிற நிழல் கடைசி அரை நொடியில் எகிறிக் குதிக்கவேண்டும். அதற்குள் கேமரா பார்த்து, கணினி கணக்கிட்டு, எல்இடி அணையவேண்டும். எல்இடி அணைவது கண்ணிமைப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம், அதில் தாமதமே இல்லை. சூடாகி ஆறும் ஃபிலமென்டால் இந்த விளையாட்டை ஆடவே முடியாது. பிரேக் விளக்கிலும் இதே வித்தியாசம்தான். பழைய பல்பைவிட எல்இடி ஏறக்குறைய 0.2 நொடி முந்தி எரியும், 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர்.

இதன் உச்சம் டிஜிட்டல் விளக்கு. 1987-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லை, திரையரங்கப் புரொஜெக்டரில் இருந்து எடுத்து ஹெட்லைட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மெர்சிடிஸின் விளக்கு ஒன்றில் 13 லட்சம் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிடச் சின்னது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்கு, மறுபக்கம் சாய்ந்தால் கறுப்புச் சுவருக்கு. எச்4 பல்பின் ஒற்றைப் படகு 13 லட்சம் துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தனித்தனியே சிந்திக்க ஆரம்பித்துவிட்டது என்று நான் இதைப் பார்க்கிறேன். அமெரிக்காவில் இந்த வகை விளக்குகளுக்கு 2022-இல்தான் அனுமதி கிடைத்தது. லோ, ஹை என்று இரண்டே நிலைகளை மனதில் வைத்து எழுதிய பழைய விதி அதுவரை குறுக்கே நின்றது.

குறையும் உண்டு. நடுவில் தடுப்புச்சுவர் இருந்தால் எதிரே வரும் லாரியின் விளக்கு கேமராவுக்கு மறைந்துவிடும், ஆனால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண் மறையாது. விளக்கு இல்லாமல் நடந்து வருபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல், நீலத்தை வாங்கி மஞ்சளாக உமிழும் பாஸ்பர் பூச்சு. நீலம் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவுமே இல்லை. நீல ஒளி தரக் காலியம் நைட்ரைடு என்ற பொருள் ஒத்துவராது என்று பெரும்பாலானோர் விலகிப்போனபோது ஜப்பானிய விஞ்ஞானி அகாசாகியும் அவர் மாணவர் அமானோவும் அதையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாகமுரா ஒரு தனியார் நிறுவனத்தில் தனியாக முட்டிமோதினார். 2014-இல் மூவருக்கும் நோபல் பரிசு. ‘மூன்று ஆண்டில் என்ன பயன்?’ என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் நிதிக்குழு முன்னால் அகாசாகி என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மூடநம்பிக்கை ஒன்றும் பாக்கி இருக்கிறது. மஞ்சள் விளக்கு மூடுபனியைத் துளைக்கும் என்பார்கள். வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டவைக்கிறார்கள். காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சின்னவை, அதனால் அங்கே நிறத்துக்கு நிறம் சிதறல் மாறும். மூடுபனித் துளி அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதற்கு எல்லா நிறமும் ஒன்றே. ஃபாக் லைட் உதவுவது அது தாழ்வாக இருப்பதாலும், மேல்விளிம்பு தட்டையாக நறுக்கப்பட்டிருப்பதாலும்தான். அங்கேயும் வேலை செய்வது வெட்டிய கோடே.

வாசகருக்கு ஒரு விஷயம் பாக்கி. பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்ன உருளை இருக்கும். டிக்கியில் பாரம் ஏறிப் பின்பக்கம் நாலரை சென்டிமீட்டர் அமுங்கினால் போதும், வண்டியின் மூக்கு ஒரு பாகை நிமிர்ந்துவிடும். கீழே பார்த்துக்கொண்டிருந்த விளிம்பு வானத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். அதைத் திரும்ப இறக்கத்தான் அந்த உருளை, பாரம் கூடக் கூட எண்ணையும் கூட்டவேண்டும். இந்தக் கட்டுரைக்காக என் வண்டியில் அதைப் போய்ப் பார்த்தேன். 0-இல் இருந்தது. டிக்கியில், எப்போதோ எடைக்குப் போடலாம் என்று ஏற்றிய பழைய பத்திரிகைக் கட்டுகள் நான்கு மாதமாக அப்படியே கிடந்தன.