ரிங்கிட்டா, வெள்ளியா?

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஏதோ ஒரு கடை. சிங்கப்பூர் வங்கியின் பற்று அட்டையை (டெபிட் கார்டு) இயந்திரத்தில் வைத்ததும் திரையில் இரண்டு தொகைகள் வருகின்றன: ஒன்று ரிங்கிட்டில், மற்றொன்று சிங்கப்பூர் வெள்ளியில். நாம் எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லையே! அட்டை எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களே சொல்லிவிடுகின்றன. அவை அட்டையை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. வங்கி தெரிந்தால் நாடும் நாணயமும் தெரிந்துவிடும்.

காசை யார் மாற்றுவது என்பதைத்தான் அந்தத் திரை கேட்கிறது. ரிங்கிட்டைத் தொட்டால், ரிங்கிட்டுக்கு உரிய 458 என்ற குறியீட்டு எண்ணுடன் (நம் வெள்ளிக்கு 702) தகவல் விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ போகிறது. வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கி விற்கும் விலையை ஒட்டிய விகிதத்தில் அந்நிறுவனம் அதை வெள்ளியாக மாற்றுகிறது. அதன்மேல் நம் வங்கியின் கட்டணம் ஏறும்; சிங்கப்பூரின் பெரிய வங்கிகள் பலவற்றில் அது 3 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும்.

வெள்ளியைத் தொட்டால், மாற்றுவது கடைக்கு அட்டைச் சேவை தரும் நிறுவனம். விகிதத்தை அதுவே வைக்கும், லாபத்தையும் அதற்குள்ளேயே வைக்கும். அதில் கடைக்கும் பங்கு கிடைப்பதுண்டு. "சிங்கப்பூர் வெள்ளியிலேயே போடட்டுமா?" என்று கடைக்காரர் அத்தனை அன்பாகக் கேட்பது சும்மா இல்லை. எரிச்சலான விஷயம், அப்போதும் வங்கி விடாது: வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்று 1 விழுக்காடு அளவுக்குப் பல வங்கிகள் வசூலிக்கின்றன. ரிங்கிட்டை வாங்கி வைக்க இடம் தரும் பல நாணய அட்டையில் முன்கூட்டியே ரிங்கிட் வாங்கி வைத்துவிட்டு, திரையில் வெள்ளியைத் தொடுவது வீண் வேலை; அந்த ரிங்கிட் பயன்படாமலே கிடக்கும்.

தட்டிய நொடியில் நடப்பது ஒப்புதல் மட்டுமே. கடை கணக்கை அனுப்பி வங்கி முடிப்பதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் விகிதம் மாறினால் இறுதித் தொகையும் சில காசுகள் மாறும். ஒப்புதல் தொகை கடன் அட்டையில் கடன் வரம்பைத்தான் குறைக்கும். பற்று அட்டையில் நம் சொந்தப் பணமே முடங்கும். மலேசியப் பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே அட்டையைச் செருகினால், 60 ரிங்கிட்டுக்கு நிரப்பினாலும் 200 ரிங்கிட் வரை முடக்கப்படலாம். மீதி தானாக விடுவிக்கப்படும், ஆனால் சில நாள் பிடிக்கும். சம்பளத்துக்கு முந்தைய வாரம் என்றால் பம்பை விட்டு உள்ளே போய்க் கவுன்டரில் தொகையைச் சொல்லிக் கட்டுவதே நல்லது.