பி.ஏ. இசை படிப்பவர்கள் வேலைக்குத் தயாராகக் கடைசி ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டாம்

72 மேளகர்த்தா (தாய்) ராகங்களும் மனப்பாடம், தாளப் பிரஸ்தாரம் எழுதத் தெரியும், முப்பது நாற்பது கீர்த்தனைகள் பாடாந்தரம். இசைக் கல்லூரியில் இதைச் செம்மையாகவே கற்றுத்தருகிறார்கள். ஆனால் பட்டம் நேராகப் பயன்படுவது கற்பித்தல் வேலைக்குத்தான். அதிலும் படி உண்டு. கல்லூரி உதவிப் பேராசிரியராக, முதுகலையில் 55 விழுக்காட்டுடன் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பி.எச்டி. வேண்டும். அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கு டி.டி.சி. எனும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறார்கள். இளங்கலையோடு நின்றால் இரண்டுமே கைக்கு எட்டாமல் போகலாம்.

வானொலிக்குக் குரல் தேர்வு தனி. பி, பி ஹை, ஏ, டாப் என்ற தரவரிசையில் பட்டத்துக்கென்று மதிப்பெண் கிடையாது. அதே சமயம், வானொலியின் ஏ தரம் பெற்ற தேர்ந்த கலைஞர்களைக் கல்லூரிப் பணிக்கு எடுக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளில் தனி வழியே இருக்கிறது. எனவே படிக்கும்போதே குரல் தேர்வில் பாடிவிடுவது நல்லது.

கல்லூரிப் பயிற்சிக்கும் வேலைக்கும் உள்ள பெரிய இடைவெளி ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் தெரிகிறது. கையால் தாளம் போட்டே பழகியவர்களுக்கு ஹெட்போனில் கிளிக் (சீரான தட்டு ஒலி) ஓடினால் காலப்பிரமாணம், அதாவது பாடும் வேகம், கலைகிறது. ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலில் சற்று முந்துவதும், வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியில் பிந்துவதும் கச்சேரியில் அழகு. பதிவில் அது அப்படியே பிசகாகக் கேட்கும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் அட்சரமாகத் (தாள எண்ணிக்கை) தெரிந்த வர்ணத்தைப் பாடுங்கள். நிலைத்ததும் பாடும் வேகத்தை மாற்றாமல் தட்டை மட்டும் 30-க்குக் குறையுங்கள். இப்போது இரண்டு அட்சரத்துக்கு ஒரு தட்டுதான் கேட்கும், நடுவில் உள்ளதை உங்கள் மனம்தான் பிடிக்க வேண்டும்.

சுருதியிலும் ஒரு சிக்கல். தம்புராவைக் காதால் சேர்த்தால் ஒரு கட்டை மயிரிழை ஏறியோ இறங்கியோ நிற்கும். கீபோர்டில் C எனப்படும் அது 261.6 ஹெர்ட்ஸ். அந்த வேறுபாட்டோடு பதிவான குரல் பிற கருவிகளோடு ஒட்டாது. சுருதிப் பெட்டியைப் பதிவுக்கு முன் ட்யூனரில் சரிபாருங்கள். ஹெட்போன் சத்தத்தைக் கூட்டி வைத்தால் தம்புரா மைக்கில் கசியும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வீட்டிலேயே பதிந்து அனுப்புவதாக இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. நீங்கள் பாடும் பகுதி பாட்டின் நடுவில் தொடங்கினாலும் கோப்பு பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கட்டும். இல்லாவிட்டால் எங்கே பொருத்துவது என்று மறுமுனையில் இருப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்று ஆண்டில் ஒரு பாடவேளைகூடப் பாட்டு உரிமை ஒப்பந்தங்களைக் கற்பிக்க ஒதுக்கப்படாதது உண்மையிலேயே வருத்தமான விஷயம். பதிப்புரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்து வடிவில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பின், திரைப்படத்தில் சேரும் பாட்டுக்கு மெட்டமைத்தவரும் வரி எழுதியவரும் திரையரங்குக்கு வெளியிலான பயன்பாட்டில் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்' என்று அச்சடித்த தாளை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். மெட்டமைப்பவர்கள் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராவதோடு நிற்காமல் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே பதியுங்கள். பதியாத பாட்டுக்கு வரும் பணம் உரியவரைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் நின்றுவிடும்.