பின்னுக்குள்ளே மைனஸ்

மகளுக்காகப் பழைய கேசியோ கீபோர்டு ஒன்றை வாங்கியிருக்கிறார் ஒரு வாசகர். விற்றவரிடம் அடாப்டர் இல்லை. பக்கத்துக் கடையில் 9 வோல்ட் எலிமினேட்டர், அதாவது பொதுவான அடாப்டர், வாங்கிச் செருகினார். அதன் பின் (செருகும் முனை) கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் ஒரு விளக்குகூட எரியவில்லை. வோல்ட் சரியாகத்தானே இருக்கிறது, கீபோர்டுதான் போய்விட்டதா என்று கேட்கிறார். பின்பக்கம் ஏடி-5 என்று அச்சிட்டிருப்பதையும் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பிலேயே விடை இருக்கிறது.

முதலில், ஆம்பியர் கூடினால் கருவி கெட்டுவிடும் என்ற பயத்தைத் தள்ளிவைப்போம். வோல்ட், கருவி கேட்கும் அளவில் இருக்க வேண்டும். ஆம்பியர் என்று அடாப்டரில் போட்டிருப்பது அதனால் கொடுக்க முடிந்த உச்ச அளவு; கருவி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். ஏடி-5 என்பது இந்தக் கீபோர்டு கேட்கும் 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் அடாப்டர். அதற்குப் பதில் 2 ஆம்பியர் போட்டாலும் கெடுதல் இல்லை. 300 மில்லி ஆம்பியர் போட்டால்தான் தொல்லை: சத்தத்தைக் கூட்டியதும் வோல்ட் சரிந்து கருவி அணைந்துவிடும். ஆம்பியர் கூடினால் போர்டு புகைந்துவிடும் என்று கடைகளிலேயே சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ஓம் விதியை மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்திருந்தால் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

சரி, வாசகரின் சிக்கலுக்கு வருவோம். அடாப்டர் லேபிளில் ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டிலிருந்தும் பிளஸ், மைனஸ் குறிகளுக்குப் போகும் கோடுகள். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பின்னின் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். ஏடி-5 இதற்கு நேர் எதிர், உள்ளே மைனஸ்.

ஏன் அப்படி வைத்தார்கள்? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கீபோர்டின் அடியில் பேட்டரி அறை இருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 9 வோல்ட். அடாப்டர் செருகியதும் பேட்டரி தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். இல்லையென்றால் அடாப்டர் கரன்ட் பேட்டரிக்குள் புகுந்து, அது சூடேறி ஒழுகிவிடும். இதற்கென்று தனி சுவிட்ச் கிடையாது. பின் செருகும் துளையே சுவிட்ச். துளையின் நடுவே ஓர் ஊசி நிற்கிறது. பக்கத்தில், பின்னின் வெளி உருளையைத் தொடுவதற்காக வளைந்த தகடு ஒன்று. பின் இல்லாதபோது அந்தத் தகடு மூன்றாவது முனை ஒன்றின் மேல் சாய்ந்திருக்கும். பேட்டரி வருவது அந்த முனை வழியாக. பின் நுழையும்போது அதன் உருளை தகட்டைத் தள்ளுகிறது. தகடு மூன்றாவது முனையை விட்டு விலகுகிறது. பேட்டரி வெளியே, அடாப்டர் உள்ளே, எல்லாம் ஒரே அழுத்தத்தில்!

துண்டிக்கும் வசதி வெளி உருளையின் பக்கம் மட்டுமே இருப்பதைக் கவனியுங்கள். அப்படியானால் பேட்டரியின் எந்த முனையைத் துண்டிப்பது? மைனஸ் முனைதான் சர்க்யூட் முழுவதற்கும் பொதுவான கிரவுண்டு, அதாவது எல்லாப் பகுதிகளும் சேரும் இணைப்பு. ஹெட்ஃபோன் துளைகூட அதோடு சேர்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு பிளஸ்ஸை வெட்டுவதுதான் நேர்த்தி. ஆகவே பிளஸ் வெளி உருளைக்கு வந்தது, மைனஸ் உள்ளே போனது. கிதார் பெடல்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் கேசியோ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பின்னால் வந்த 9.5 வோல்ட் அடாப்டரில் உள்ளே பிளஸ், பின்னும் சிறியது. வேறு சில டிரம் மெஷின்கள் 9 வோல்ட் ஏசியே (பிளஸ், மைனஸ் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்) கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் போன், கேமரா, ஹெட்ஃபோன் எல்லாவற்றுக்கும் டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியபோது இசைக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வாசகருக்கு: எலிமினேட்டரை உடனே கழற்றிவிடுங்கள். கீபோர்டின் உள்ளே தடுப்பு டயோடு (கரன்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருந்தால் தலைகீழ் கரன்ட் அங்கேயே நின்றிருக்கும். இல்லாவிட்டால் சிப்பும் மின்தேக்கிகளும் சூடாகிக் கெடும். அடுத்து, புது பேட்டரி ஆறு போட்டுப் பாருங்கள். பாடினால், உள்ளே மைனஸ் உள்ள 9 வோல்ட் அடாப்டர் வாங்கினால் போதும்.

பாடவில்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம். என்னிடம் அடாப்டரில் மட்டும் ஓடி, பேட்டரியில் ஓடாத ஒரு கீபோர்டு இருந்தது. திறந்து பார்த்தால், வருடக்கணக்காகப் பின் அழுத்தியே இருந்ததில் அந்த வளைந்த தகடு மூன்றாவது முனைக்குத் திரும்பி வராமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. குறட்டால் மெல்ல வளைத்துவிட்டேன், பாடியது.