தண்ணீரை இடுப்பில் கட்டிய இன்ஜின்

எக்ஸ்பிரஸ் நீராவி இன்ஜின்களுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் என்ற தனி வண்டி ஒட்டிக்கொண்டே வரும். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து புறநகர்களுக்கு ஓடிய என்7 இன்ஜினுக்கு அந்த வால் கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் நீளமான தொட்டிகள், அவற்றில் தண்ணீர். கரி, டிரைவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியில். இந்த வகைக்கு டேங்க் இன்ஜின் என்று பெயர்.

கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஆல்பிரட் ஹில் வடிவமைத்த என்7, 1915-இல் தண்டவாளத்துக்கு வந்தது. அதன் வேலை வேகமாக ஓடுவதல்ல, கிளம்புவதும் நிற்பதும்தான். புறநகரான சிங்ஃபோர்ட் வரை சுமார் 17 கிலோமீட்டர், வழியெல்லாம் நிலையங்கள். போதாததற்கு, லிவர்பூல் ஸ்ட்ரீட்டை விட்டு வெளியே வந்ததுமே 70 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் பிடிக்க, சக்கரத்தின்மேல் பாரம் வேண்டும். டெண்டர் இன்ஜினில் தண்ணீர் வெறும் சுமை. என்7-இன் தொட்டிகள் கொள்ளும் 1,600 கேலன், அதாவது ஏறக்குறைய 7 டன் தண்ணீரின் பெரும்பங்கு, இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்து பிடிமானமாக மாறியது. ஒரு சிக்கல்: தண்ணீர் தீரத் தீரப் பிடிமானமும் குறையும். நெடுந்தூர வண்டிக்கு அது தலைவலி; 17 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு என்ன கவலை?

சக்கரங்களின் குறுக்களவு 4 அடி 10 அங்குலம்தான். பிஸ்டன் தள்ளும் விசை அதேதான் என்றாலும், சக்கரம் சிறிதாக இருந்தால் தண்டவாளத்தில் கிடைக்கும் இழுவிசை கூடும். கியர் சைக்கிளில் ஏற்றம் வந்தால் கியரைக் குறைப்போமே, அந்தக் கணக்கு. விலை என்ன? மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று சுற்று சுற்றியாக வேண்டும்.

நிற்பதற்கு வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக். பிரிட்டனில் அப்போது பல ரயில்வேக்கள், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து இயங்கும் வெற்றிட பிரேக்கை நம்பின. அதில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு, எவ்வளவு முயன்றாலும், ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது. அழுத்திய காற்றுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் பிரேக் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும். காற்றை அழுத்தும் சிறு நீராவிப் பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். வண்டி நின்றிருக்கும்போதும் அது ஓடிவந்த ஆள்போல மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் நடந்த ஆள்மாற்றம். வண்டி பிளாட்பாரத்தின் முட்டுக்கட்டை வரை வந்து நிற்கும். இழுத்து வந்த இன்ஜின் முன்னால் சிக்கிக்கொள்ளும். அதை வெளியே எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். பக்கத்திலேயே காத்திருக்கும் இன்னொரு இன்ஜின் வந்து வண்டியின் மறுமுனையில் கோத்துக்கொண்டு சில நிமிடங்களில் கிளம்பிவிடும். பாதை காலியானதும் சிக்கியிருந்தது பின்னாலேயே வெளியேறி, தண்ணீர் பிடித்து, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். டேங்க் இன்ஜின் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், திருப்பி நிறுத்தத் தேவையில்லை என்பதால்தான் இந்த வித்தை சாத்தியமாயிற்று.

இதை அடித்தளமாக வைத்து 1920 ஜூலையில் கம்பெனி, மின்மயமாக்கச் செலவைத் தவிர்த்து, நீராவியிலேயே வண்டிகள் அடுத்தடுத்து ஓடும் மிக நெருக்கமான சேவையைத் தொடங்கியது. முதல் வகுப்புப் பெட்டிகளுக்கு மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்புக்கு நீலம். பயணி ஓடி வந்து தேடாமல் ஏற வேண்டுமே. பளிச்சென்ற அந்த வண்ணங்களால் அதற்கு ‘ஜாஸ்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. தொடக்கத்தில் பழைய சிறு டேங்க் இன்ஜின்களே பெரும்பாலும் இழுத்தன. என்7 அந்தத் தடங்களில் நிறைந்தது அதற்குப் பிறகுதான். 1928-க்குள் மொத்தம் 134 கட்டினார்கள்.

1960 நவம்பரில் சிங்ஃபோர்ட், என்ஃபீல்ட் தடங்களுக்கு மின்சாரம் வந்தது. கிழக்கு லண்டனில் இருந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் பட்டறை 1924-இல் கடைசியாகக் கட்டிய இன்ஜினும் ஒரு என்7, எண் 69621. 134-இல் மிஞ்சியது அது ஒன்றுதான்.