உங்கள் வீட்டு மழைத்தண்ணி பைப் எங்கே போகிறது, பார்த்திருக்கிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை சென்னை திருவான்மியூரில் ஓர் அபார்ட்மென்ட். 12 வீடு, கட்டி 25 வருஷம் இருக்கும். "கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது சார், போரை இன்னும் ஆழமா இறக்கலாமா, வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். போய் நின்றதும் செக்ரட்டரி சார் முதலில் காட்டியது கிணற்றை இல்லை, நோட்டீஸ் போர்டை. போன வருஷம் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் அவர்கள் போட்ட செய்தியை பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். 'நமது குடியிருப்பில் மழைநீர் சேகரிப்பு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.' போட்டோவில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு மூடி, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஒரு ரிப்பன்.

அந்த மூடியைத் திறக்கக் கடப்பாரை தேவைப்பட்டது, பெயிண்ட் அப்படி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு அடிக்குக் கீழே இறுகிப்போன சிமென்ட், உடைந்த டைல்ஸ், முடி எல்லாம் விறைத்த ஒரு பெயிண்ட் பிரஷ். தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை. சரி, அப்போ மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது? யாருக்கும் தெரியவில்லை. மாடிக்கு ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுபோய், அதில் ரெண்டு கைப்பிடி மஞ்சள் தூளைக் கரைத்து, பைப் வாயில் ஊற்றினேன். (இருபது வருஷமாக நான் செய்யும் டெஸ்ட் இதுதான். காசு கொடுத்து மெஷின் வாங்காதீர்கள்.) கீழே காவலுக்கு நின்றது செக்ரட்டரியின் பேரன், ஆறாம் வகுப்புப் பையன். அவன்தான் கத்தினான்: "தாத்தா, சாக்கடையில மஞ்சளா வருது!"

கழிவுநீர் சேம்பருக்குள் விட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் மட்டும் இது எனக்கு ஐந்தாவது கட்டடம், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐப்பசியில் ரெண்டு நாள் மழை பெய்தால் தெரு மேன்ஹோல் பொங்குகிறது, கீழ்வீட்டு பாத்ரூமில் சாக்கடை எதிர்த்து ஏறுகிறது என்று மெட்ரோ வாட்டரைத் திட்டுகிறோமே, அந்தக் குழாய் மழைத்தண்ணீருக்காகப் போட்டதே இல்லை. தெருவில் நாலு வீட்டு மொட்டை மாடி அதில் இறங்கினால் அது பொங்காமல் என்ன செய்யும்?

2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவசர அவசரமாகக் குழி வெட்டினோம். பல இடங்களில் ஒழுங்காகவே வெட்டினோம், நல்ல மழை பெய்த வருஷங்களில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்புறம் பார்க்கிங்குக்கு டைல்ஸ் போட்டோம், பைப் உடைந்தபோது பிளம்பர் பக்கத்தில் எந்த ஓட்டை இருந்ததோ அதில் சொருகிவிட்டுப் போனார், குழி மட்டும் காகிதத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் முங்கிய அதே சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நடுவில் நாலே வருஷம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் சராசரியாக வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. இந்த அபார்ட்மென்ட்டின் மொட்டை மாடி 3,000 சதுர அடி, அதாவது சுமார் 280 சதுர மீட்டர். ஆவியானது, சிந்தியது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 3 லட்சம் லிட்டருக்குக் குறையாது. 12,000 லிட்டர் லாரிக்கு 26 லாரி. இதைச் சாக்கடையில் விட்டுவிட்டுத்தான் கோடையில் லாரிக்காரருக்கு போன் அடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இனி, எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். செலவு எவ்வளவு என்று சொன்னதும் மூன்றாவது மாடிக்காரர் கேட்டார்: "நாம காசு போட்டுத் தரைக்குள்ள தண்ணி விடணும், பக்கத்து பில்டிங்காரன் மோட்டார் போட்டு இழுத்துக்குவான். நமக்கு என்ன லாபம்?"

இதை நான் கேட்காத அபார்ட்மென்ட் மீட்டிங்கே கிடையாது. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நிதானமாகவே சொல்கிறேன். முதலாவது, நிலத்தடித் தண்ணீர் ஆறு மாதிரி ஓடாது. மணலிலேயே அது ஒரு நாளைக்கு நகர்வது பெரும்பாலும் சாண், முழக் கணக்குதான். நீங்கள் கார்த்திகையில் இறக்கிய தண்ணீர் பங்குனியில் பெரும்பாலும் உங்கள் காலடியைச் சுற்றித்தான் நிற்கும். சுயநலமாகப் பார்த்தாலும் லாபம் உங்களுக்குத்தான். இரண்டாவது, சரி, கொஞ்சம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டுமே? 25 வருஷமாக நீங்கள் இறைத்தது யார் இறக்கிய தண்ணீர்? இந்த இடத்தில் வீடு வரும் முன்னே வெறும் மணல் மேடாகக் கிடந்தபோது பெய்த மழையும் அதில் உண்டு. அதை இறக்கியவர் உங்களிடம் பில் அனுப்பவில்லை. பூமிக்கடியில் காம்பவுண்டு சுவர் கிடையாது, பட்டா கிடையாது.

மூன்றாவது, கடலோரக்காரர்கள் கவனியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று அந்த மணல் பட்டை முழுக்க நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்த லட்சணத்தில் போரை ஆழமாக இறக்குவது என்றால், உப்பைத் தேடிப் போய்க் கூப்பிட்டு வருவது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அப்படி உள்ளே வந்த உப்பு பல பத்தாண்டுகளாகப் போகவில்லை. செக்ரட்டரி சாரிடம் அதைத்தான் சொன்னேன்: பேரன் பெயருக்கு இந்த பிளாட்டை எழுதி வைக்கப்போவதாகச் சொன்னீர்களே, இப்படியே விட்டால் உப்புக் கிணற்றையும் சேர்த்துத்தான் எழுதி வைக்கிறீர்கள்.

என்ன செய்யலாம்? பழைய கிணறு இருந்தால் அதிர்ஷ்டம். மாடித் தண்ணீரை ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். வாஸ்து, கொசு என்று சொல்லிக் கிணற்றை மண் போட்டு மூடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கொசுவுக்குக் கொசுவலை மூடி போதும், கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். கிணறு இல்லையென்றால் 3 அடி அகலத்தில் 12, 15 அடி ஆழத்துக்கு உறை (கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் வளையம்) இறக்குங்கள். வேளச்சேரி, அண்ணா நகர் மாதிரி களிமண் இடங்களில் களியைத் தாண்டி மணல் தட்டும் வரை போக வேண்டும், அங்கே நாலடிக் குழி வெட்டினால் கொசுதான் வளரும்.

உறைக்குள் ஜல்லி, கரி, மணல் நிரப்பாதீர்கள்! பள்ளிப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் நிரப்புகிறார்கள். ரெண்டு மழையில் சேறு போய் ஜல்லி இடுக்கில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அதை வாரவும் முடியாது. காலியாக விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை தூர் வாரலாம். கேட் பக்கம் ஓடிவரும் தரைத்தண்ணீரைக் கிணற்றில் விட வேண்டாம், கார் ஆயில் கலந்திருக்கும், அதற்குத் தனி உறை. புரட்டாசியில் மொட்டை மாடியைப் பெருக்குங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். கனமான மூடி போடுங்கள், குழந்தைகள் ஓடுகிற இடம்.

இன்னொன்று. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில் வாட்ச்மேனையோ தெரிந்த ஆளையோ 'சும்மா இறங்கிப் பாருப்பா' என்று இறக்காதீர்கள். உள்ளே காற்று கெட்டிருக்கும், இறங்கினவர் மயங்கினால் தூக்கப் போனவரும் சேர்ந்து போவார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது போதாது. வாயு பார்க்கும் கருவி, பாதுகாப்புக் கயிறு, மேலே ஆள், இவை இல்லாமல் வருகிறேன் என்று சொல்லும் கான்ட்ராக்டரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

திருவான்மியூர்க்காரர்கள் மீட்டிங் போட்டு இரண்டு உறைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள், இந்த வாரம் வேலை. நேற்று ராத்திரி செக்ரட்டரி சார் போன் பண்ணி, மூன்றாவது மாடிக்காரர் கேட்கச் சொன்னதாகத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், அந்த ரெண்டு உறையையும் பக்கத்து பில்டிங் பக்கம் போடாம, இந்தப் பக்கமா தள்ளிப் போட முடியுமா?"