நிறுத்திய பிறகும் வேலை இருக்கிறது

சக்தி ஆராய்ச்சியில் இருந்து இளைப்பாறிய பொறியியலாளர்களோடு கதைத்தால், கைவிட்ட திட்டம் ஒன்று எப்படியும் பேச்சில் வந்துவிடும். ஆதங்கம் நியாயமானதுதான். அமெரிக்காவின் ஐடகோவில் இபிஆர்-2 என்ற சோதனை அணு உலை முழு வலுவில் ஓடும்போதே, 1986 ஏப்ரலில் குளிர்விக்கும் பம்புகளை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். உலை தானாகவே அடங்கியது. அதே மாதக் கடைசியில்தான் செர்னோபில் அணு உலை விபத்து. 1994இல் அந்த உலையையும் மூடிவிட்டார்கள்.

என் கவலை வேறு. நிறுத்துவதும் பொறியியல் வேலைதான். அதற்குக் காசும் ஆளும் ஒதுக்குபவர்கள் குறைவு.

டெனிசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் யுரேனியத்தை உருகிய புளோரைட்டு உப்பில் கரைத்து ஓர் உலையை ஓட்டினார்கள். 1965இல் தொடங்கியது, 1969இல் நின்றது. உப்பைத் தொட்டிகளில் வடித்து உறையவிட்டார்கள். கதிர்வீச்சு அதற்குள் புளோரினை மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே இருந்தது. 1994இல் சோதித்தபோது, யுரேனியம் அந்தப் புளோரினோடு சேர்ந்து வாயுவாகி வெளிக்குழாய்களுக்கும் கரி வடிகட்டிக்கும் போயிருந்தது. துப்புரவாக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. ஆனால் அந்த உலையின் அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 2011இல் சீனா தொடங்கிய உருகிய உப்பு உலைத் திட்டத்துக்கு அவை கைகொடுத்தன.

அணு உலை எங்கே, எங்கள் ஊர் எங்கே என்று கேட்பீர்கள். 2016இல் யாழ்ப்பாணத்து எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த மின்னமைப்பு வந்தது. பாடசாலை, வாசிகசாலைக் கூரைகளில் கொடையாளர் பூட்டிய சின்னச் சின்ன சோலர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒருநாள் ஆயுள் முடியும்.

அப்போது முதலில் பற்றரியைப் பாருங்கள். ஈய அமிலப் பற்றரியை வளவு மூலையில் போடவே கூடாது. எங்களுடையது சுண்ணக்கல் நிலம். மேலே கொட்டியது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. சோலர் பலகை விஷயத்திலும் ஏமாறாதீர்கள்: இன்வேட்டரைக் கழற்றினாலும் பலகையில் வெயில் படும்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் இருக்கும். முனைகளைத் திறந்தபடி விட்டால், கூரைக்கு ஏறுகிறவர் பாடு ஆபத்து.

அப்புறம் ஒரு கொப்பி. உப்புக் காற்றில் எந்தப் பாகம் முதலில் துருப்பிடித்தது, பற்றரியை எப்போது மாற்றினோம், ஏன் நிறுத்தினோம் என்று எழுதி வையுங்கள். காசு முடிந்ததா, பாகம் கிடைக்கவில்லையா, பார்த்துக்கொண்டிருந்த பெடியன் வெளிநாடு போய்விட்டானா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்தில் இருக்கட்டும். ஒப்பந்தக்காரரின் லப்டொப்பை நம்ப வேண்டாம்.