டீரேடிகலைசேஷன்: ஒரு சொல், இரண்டு வேலை

வன்முறைத் தீவிரவாதத்தில் இறங்கியவரை அதிலிருந்து மீட்டெடுக்கும் பணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் டீரேடிகலைசேஷன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தீவிரமய நீக்கம்' என்று வரும். நாக்கிலும் நிற்காது, பொருளையும் பாதிதான் சொல்லும்.

லத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ராடிஷ்' என்ற பெயரும் அதிலிருந்து முளைத்ததுதான். வேர்வரை செல்வது என்ற பொருளில் நின்ற 'ரேடிகல்', 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வாக்குரிமைச் சீர்திருத்தம் கோரியவர்களைக் குறிக்கத் தொடங்கியது. இந்தியப் புரட்சியாளர் எம்.என். ராய் 1940இல் தொடங்கிய கட்சிக்கு ரேடிகல் ஜனநாயகக் கட்சி என்றே பெயர் வைத்தார். அன்று அது விரும்பிச் சூடிக்கொள்ளும் பெயர். நம்முடைய 'தீவிரம்' வடமொழியின் 'தீவ்ர' என்பதிலிருந்து வந்தது. கூர்மை, கடுமை என்பன அதன் பொருள்கள். வேர் என்ற கருத்து அதில் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவும் தீவிர வாசகரும் நம்மை அச்சுறுத்தாதது அதனால்தான்.

இந்தச் சொல்லாராய்ச்சி வெறும் ஆர்வத்துக்காக அன்று. வேரைக் களைவதாகச் சொல்லும் ஒரு திட்டம், ஒருவருடைய எண்ணம் மாறியதை மெய்ப்பித்தாக வேண்டும். எண்ணத்தையோ நேரில் அளக்க முடியாது. சவூதி அரேபியாவின் மறுவாழ்வுத் திட்டம் சமய அறிஞர்களின் உரையாடல், குடும்பத்தின் பொறுப்பேற்பு, வேலைக்கும் திருமணத்துக்கும் உதவி எனப் பல வகையில் புகழ்பெற்றிருந்தது. அமெரிக்காவின் குவாண்டநாமோ தடுப்பு முகாமிலிருந்து 2007இல் திரும்பி அதில் தேறி வெளிவந்த சயீத் அல்-ஷிஹ்ரி, 2009 ஜனவரியில் ஏமனைத் தளமாகக் கொண்ட அல்-கொய்தா கிளையின் துணைத் தலைவராகக் காணொளியில் தோன்றினார். அடுத்த மாதம் சவூதி அரசு வெளியிட்ட 85 தேடப்படுவோர் பட்டியலில் அவரைப் போல் குவாண்டநாமோவிலிருந்து திரும்பியவர்கள் 11 பேர் இருந்தனர். லண்டனில் 2019 நவம்பர் 29 அன்று இருவரைக் குத்திக் கொன்ற உஸ்மான் கானும் சிறையில் இத்தகைய பயிற்சியை முடித்தவரே. அந்தக் கொலைகள் நடந்த இடமும் கைதிகளின் மறுவாழ்வு பற்றிய கூட்டம்தான். இவற்றைக் கொண்டு திட்டங்கள் அனைத்தும் வீண் என்று முடிவுகட்டுவதும் பிழை. சிலர் திரும்பிச் சென்றதைக் காட்டும் எண்ணிக்கை, திட்டமே இல்லாதிருந்தால் எத்தனை பேர் சென்றிருப்பார்கள் என்பதைச் சொல்லாது.

ஆகவேதான் ஜான் ஹோர்கன் போன்ற ஆய்வாளர்கள் கருத்து மாறுவதையும் செயலிலிருந்து ஒதுங்குவதையும் பிரித்துப் பேசுகிறார்கள். கொள்கையை விடாமலே துப்பாக்கியை விட்டவர்கள் உண்டு. இரண்டாவதை அளப்பது எளிது: மீண்டும் கைதானாரா, பழைய கூட்டாளிகளோடு தொடர்பு வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிடலாம்.

இலங்கையில் 2009க்குப் பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் கடந்துவந்த ஏற்பாட்டுக்கு அரசு வைத்த தமிழ்ப் பெயர் 'புனர்வாழ்வு'. அது கருத்தையும் சொல்லவில்லை, செயலையும் சொல்லவில்லை; பிழைப்பைச் சொல்கிறது. அங்கே உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கியின் குழுவினர் வினாத்தாள் கொடுத்து, முழுப் பயிற்சி பெற்றவர்களின் தீவிர மனப்பான்மை குறைவாகப் பெற்றவர்களைவிட அதிகம் தணிந்ததாகக் கண்டனர். எனினும், தடுப்பில் இருப்பவர், விடுதலையை எதிர்நோக்கியபடி, தாளில் எதைக் குறிப்பார் என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

எனவே ஒரே நிகர்ச்சொல்லைத் தேடுவதைவிட இரண்டை ஆள்வதே தகும். எண்ணம் மாறுவதற்கு 'மனமாற்றம்' என்ற பழகிய சொல் போதும். செயலிலிருந்து ஒதுங்குவதற்கு 'வன்முறை விலகல்' எனலாம். 'மனமாற்றத் திட்டம்' என்று தலைப்பிட்டுவிட்டு உள்ளே மீள்கைது எண்ணிக்கையை மட்டும் காட்டும் அறிக்கையை, தலைப்பைத் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பிவிடலாம்.